உடன்பிறந்தவர்கள் நம்மை எப்படி ஆளாக்குகிறார்கள்: டெல்டா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் கேட்கிற கேள்விகள் இவை. ஆய்வு முடிவுகளைச் சொல்லும் இடத்தில் அவை எந்த நாட்டில் நடந்தவை என்றும் சொல்லியிருக்கிறோம். பெரும்பாலானவை வெளிநாட்டு ஆய்வுகள், அப்படியே இங்கே ஒட்டவைக்கக் கூடாது. சீர், நிலம் பற்றிய பதில்கள் மட்டும் நீளம். நம் பக்கத்தில் அண்ணன் தம்பி உறவு பெரும்பாலும் முறிவது வரப்பில்தான்.

"மூத்தது மோழை, இளையது காளை" என்கிறார்களே, பிறந்த வரிசைதான் குணத்தைத் தீர்மானிக்கிறதா?

இல்லை. மூத்தவர் பொறுப்பானவர், நடுப்பிள்ளை ஒதுங்கிப் போகிறவர், கடைக்குட்டி செல்லம் கொண்டாடுகிறவர் என்ற வகைப்பாட்டை வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் பரப்பினார். கேட்க நன்றாக இருந்ததால் அது நிலைத்துவிட்டது. 2015-ல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 20,000 பேருக்கு மேற்பட்டோரின் தகவல்களைப் பார்த்தபோது, கலகலப்பு, பொறுப்புணர்வு, அனுசரணை, மன உறுதி எதிலும் பிறந்த வரிசையின் தடயம் இல்லை. அதே ஆண்டு அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் சுமார் 3.77 லட்சம் பேரை வைத்து நடந்த ஆய்விலும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது.

பிறகு ஏன் எல்லா வீட்டிலும் அது உண்மைபோலவே தெரிகிறது? நாம் எப்போதும் 12 வயதுப் பிள்ளையை 7 வயதுப் பிள்ளையோடு வைத்துப் பார்க்கிறோம். 12 வயதில் யாருக்குமே கொஞ்சம் பொறுப்பு வந்துவிடும். சின்னவன் 12-க்கு வரும்போது பெரியவனுக்கு 17. இந்த வயது இடைவெளி தீர்வதே இல்லை, அதனால் நம்பிக்கையும் தீர்வதில்லை.

வரிசையால் வரும் சிறு வித்தியாசம் ஒன்று உண்டு. நார்வேயில் ராணுவச் சேர்க்கைக்கு வந்த சுமார் 2.4 லட்சம் இளைஞர்களின் அறிவுத்திறன் தேர்வை 2007-ல் அலசினார்கள். மூத்தவர்கள் இரண்டாமவர்களைவிட 2 புள்ளி சொச்சம் அதிகம் பெற்றிருந்தார்கள். அண்ணனோ அக்காவோ குழந்தையிலேயே இறந்துபோய், வீட்டில் மூத்த பிள்ளையாகவே வளர்ந்த இரண்டாமவர்கள், மூத்தவர்களுக்குச் சமமாக இருந்தார்கள். ஆக, காரணம் கருப்பையில் இல்லை, வீட்டில் கிடைத்த இடத்தில் இருக்கிறது. 2 புள்ளி என்பது கூட்டத்தின் சராசரியில் தெரியும் வித்தியாசம். உங்கள் வீட்டு இருவரில் யார் கெட்டிக்காரர் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இந்தியாவில் வரிசை வேறொரு இடத்தில் கடிக்கிறது: சோற்றுத் தட்டில். இந்தியக் குழந்தைகளின் உயரத்தை ஆப்பிரிக்கக் குழந்தைகளின் உயரத்தோடு ஒப்பிட்டு 2017-ல் வெளியான ஆய்வில், முதல் குழந்தைகளில் நாம் பின்தங்கவில்லை. இரண்டாவதில் தொடங்கி அடுத்தடுத்த குழந்தைகளில் பின்னடைவு கூடிக்கொண்டே போனது. மூத்த மகனுக்கு நாம் கொடுக்கிற முன்னுரிமையையே ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டினார்கள். முட்டையும் பாலும் யாருக்கு முதலில் போகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். சொல்லிக்கொள்வதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரம் தெரியும்.

ஒரே வயிறு, ஒரே வீடு. பிறகு ஏன் ஒன்று வடக்கே பார்க்கிறது, ஒன்று தெற்கே பார்க்கிறது?

உடன்பிறந்தவர்கள் மரபணுவில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்கிறார்கள். வீடும் ஒரே வீடு கிடையாது. 2012 முதல் 2019 வரை மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. எட்டு ஆண்டு கழித்து 2020-ல்தான் உரிய தேதியில் திறந்தது. அந்த எட்டு ஆண்டில் பள்ளிக்கூடம் போன பிள்ளை, குறுவை இல்லாத வீட்டையும், நகை அடகுக்குப் போவதையும், அப்பாவின் எரிச்சலையும் பார்த்து வளர்ந்திருக்கும். அதற்குப் பின் வளர்ந்த தம்பிக்கு அது கேள்விப்பட்ட கதை. முகவரி ஒன்று, வளர்ப்பு இரண்டு.

இன்னொரு காரணம், அண்ணன் நிற்கும் இடத்தில் தம்பி நிற்க விரும்புவதில்லை. படிப்பில் அவன் முதல் என்றால் இவன் பந்து விளையாட்டுக்குப் போவான். போட்டியிலிருந்து தப்பிக்க அதுவே சுலபமான வழி. இதில் நல்லதும் விளையும். திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் வீணையோடும் கீர்த்தனையோடும் நிற்க, தம்பி பாலுசுவாமி வயலினைப் பிடித்துக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். அந்த முத்துசுவாமியின் மாணவர்களான தஞ்சை நால்வர் (சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு) என்ற அண்ணன் தம்பிகள் நான்கு பேரும் ஒரே கலையில் இருந்தார்கள். ஆனாலும் வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் அவைக்குப் போனார், சின்னையா மைசூருக்குப் போனார். ஆளுக்கொரு அவை.

கெட்டது எப்போது நடக்கும் என்றால், அந்த இடத்தைப் பெற்றோர் பட்டா போட்டுக் கொடுக்கும்போது. "இவ படிப்பா, அவ வீட்டு வேலைக்குத்தான் லாயக்கு" என்ற பேச்சு ஆறு வயதில் காதில் விழுந்தால், பதினாறு வயதில் அது அவளுடைய சொந்த அபிப்பிராயமாகிவிடும்.

எந்நேரமும் அடித்துக்கொள்கிறார்கள். இது நல்லதா கெட்டதா?

அளவோடு இருந்தால் பிள்ளைகள் எதையோ கற்றுக்கொள்கிறார்கள் என்று பொருள். பிறர் மனத்தில் ஓடுவது வேறு, நம் மனத்தில் ஓடுவது வேறு என்று குழந்தைக்கு மூன்று, நான்கு வயதில்தான் பிடிபடுகிறது. கடலைமிட்டாயை ஒரு டப்பாவில் வைத்துவிட்டு அக்கா வெளியே போகிறாள், அதை வேறு டப்பாவுக்கு மாற்றுகிறோம், அவள் திரும்பி வந்து எங்கே தேடுவாள்? மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் "புது டப்பாவில்" என்று சொல்லும். பிரிட்டனில் 1994-ல் வெளியான ஆய்வில், உடன்பிறந்தவர்கள் உள்ள குழந்தைகள் இதைச் சீக்கிரம் சரியாகச் சொன்னார்கள். ஏமாற்றுவது, கேலி, பங்கு கேட்பது, கெஞ்சுவது எல்லாமே அதற்கான பயிற்சி. 1996-ல் கிரீட், சைப்ரஸ் தீவுகளில் பார்த்தபோது, தினமும் பழகும் பெரிய பிள்ளைகளும் உறவினர்களும் இருந்தால் அதே பலன் கிடைத்தது. கூட்டுக் குடும்பத்துக்கு இது நல்ல சேதி.

சண்டையின் எண்ணிக்கையைவிட அது எப்படி முடிகிறது என்பதைப் பாருங்கள். எப்போதும் ஒரே ஆள் அழுதுகொண்டு போனால், ஒரு பிள்ளை இன்னொன்றைப் பார்த்துப் பயந்து இடம் மாறி உட்கார்ந்தால், பொருளை உடைப்பதும் அந்தரங்கத்தைச் சொல்லி அவமானப்படுத்துவதும் வழக்கமானால், அதற்குப் பெயர் சண்டை இல்லை, கொடுமை. "அண்ணன் தம்பிக்குள்ள அப்படித்தான்" என்று விடக்கூடாது.

சண்டையில் நாங்கள் எப்போது நுழைய வேண்டும்? எப்படி?

கை நீண்டால் உடனே. கத்தலோடு நின்றால் இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், பாதி தானே அடங்கிவிடும். நுழைந்தால் வரிசை இது:

1. பிரித்து வையுங்கள். இருவருக்கும் வேறு வேறு இடம், திண்ணையும் கூடமும் போல. மூச்சு சீராகும்வரை, கிட்டத்தட்ட கால் மணி நேரம், நியாயம் பேசாதீர்கள். கொதிப்பில் இருக்கும் பிள்ளைக்குக் காது கேட்காது.
2. ஆளுக்கு ஒரு நிமிடம். சின்னவரை முதலில் பேசவிடுங்கள். மற்றவர் குறுக்கே பேசக்கூடாது.
3. ஒருவர் சொன்னதை மற்றவர் தம் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். "நான் பென்சிலைக் கேக்காம எடுத்தேன்னு கோவப்பட்டான்." ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, சொன்னால் போதும்.
4. "இனி என்ன செய்யலாம்?" என்று இருவரையும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் வழி அரைகுறையாக இருந்தாலும் அதையே நடைமுறைப்படுத்துங்கள்.
5. மறுநாள் ஒரு வார்த்தை கேளுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

இரண்டு தவறுகள் இதைக் கெடுக்கும். "யாரு ஆரம்பிச்சது?" என்று விசாரித்தால் இருவரும் வக்கீலாகிவிடுவார்கள், அடுத்த முறை சாட்சியோடு வருவார்கள். "நீ பெரியவதானே, விட்டுக்குடு" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால், பெரியவளுக்கு ஆத்திரமும் சின்னவனுக்கு அழுதால் கிடைக்கும் என்ற பாடமும் சேரும். கைப்பேசி, தொலைக்காட்சி மாதிரி ஒன்றே ஒன்று உள்ள பொருளுக்கு முறைத்தண்ணீர் போல நேரம் குறித்துவிடுங்கள்: ஆளுக்கு 30 நிமிடம், சுவரில் எழுதி ஒட்டியிருக்கட்டும். முறை தவறினால் தண்டனை கைப்பேசிக்கு, அதாவது அன்றைக்கு இருவருக்கும் கிடையாது.

இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறேன். மூத்த பிள்ளைக்கு மூன்று வயது. என்ன செய்வது?

முடிந்தால் கூடவே அழைத்துப் போங்கள். மூன்று மாதம் அப்பாயியிடம் விட்டுவிட்டு, திரும்பும்போது இன்னொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால், மூத்ததின் கணக்கு மிக எளிமையானது: அம்மா போனாள், இது வந்தது. அழைத்துப் போக முடியாவிட்டால், தந்தை வாரம் ஒருமுறையாவது கூட்டிவந்து காட்டவேண்டும், தினம் ஒரே நேரத்தில் வீடியோவில் பேசவேண்டும்.

பால் மறக்கவைப்பது, தனிப் படுக்கை, அங்கன்வாடி சேர்ப்பது எல்லாவற்றையும் பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் பிறந்து மூன்று மாதம் கழியட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எல்லாப் பழியும் பாப்பா தலையில் விழும்.

குழந்தை பார்க்க வருகிறவர்கள் மூத்ததைத் தாண்டிக்கொண்டு தொட்டிலுக்குப் போவார்கள், "இனிமே ஒன்னை யாரு கொஞ்சுவா" என்று விளையாட்டுக்குச் சொல்வார்கள். அந்த விளையாட்டு மூன்று வயதுக்குப் புரியாது. வாசலிலேயே சொல்லிவைத்து நிறுத்துங்கள்.

படுக்கையை நனைப்பது, மழலை பேசுவது, ஊட்டச் சொல்வது சில வாரம் இருக்கும். திட்டாமல் ஊட்டிவிடுங்கள், தானே போய்விடும். தினம் 15 நிமிடம், தொட்டில் பக்கமே போகாமல், மூத்ததோடு மட்டும் இருங்கள். மூன்று மாதம் தாண்டியும் குறையவில்லை என்றாலோ, பாப்பாவைக் கிள்ளுவது, முகத்தை மூடுவது போன்றவை நடந்தாலோ, இருவரையும் ஒரு நிமிடமும் தனியே விடாமல், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே எத்தனை ஆண்டு இடைவெளி நல்லது?

தாயின் உடலுக்கு மட்டும் தெளிவான பதில் உண்டு: ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாதமாவது பொறுக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உறவுக்கு அப்படி ஒரு எண் கிடையாது. நெருங்கிப் பிறந்தால் சண்டையும் அதிகம், கூட்டும் அதிகம். ஆறேழு ஆண்டு தள்ளிப் பிறந்தால் சண்டை குறையும், ஆனால் பெரியது பாதிப் பெற்றோர் ஆகிவிடும்.

ஒப்பிட்டுச் சொன்னால்தானே ரோஷம் வரும்?

வரும். ரோஷம் படிப்பின் மேல் வராது, அண்ணன் மேல் வரும். "அண்ணனைப் பாரு" என்பதற்குப் பதில் "போன மாசம் 42, இப்ப 51" என்று அந்தப் பிள்ளையையே அதற்கு அளவாக வையுங்கள்.

எல்லோரையும் ஒன்றுபோல நடத்தவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை, அது முடியாது. வித்தியாசத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது என்று பிள்ளைக்கே புரிந்தால் காயம் வெகுவாகக் குறைகிறது என்பது உடன்பிறப்பு ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிந்த விஷயம். அக்காவுக்குப் பத்தாம் வகுப்பு, அதனால் டியூஷன். தம்பிக்கு மூச்சிரைப்பு, அதனால் தனிக் கட்டில். வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வெளிப்படையான காரணம் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது, அது தனக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளும்.

மூத்த மகள்தான் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்கிறாள். பாவமா, பயிற்சியா?

நடவுக்கோ நூறுநாள் வேலைக்கோ தாய் போகும் வீட்டில் இது தவிர்க்க முடியாதது. அளந்து பார்க்க மூன்று கேள்விகள் போதும். அவளுடைய பள்ளியும் வீட்டுப்பாடமும் தப்புகின்றனவா? அவளுக்கென்று விளையாட ஒரு மணி நேரம் உண்டா? செய்ததற்கு அங்கீகாரம் கிடைக்கிறதா, அல்லது தவறினால் மட்டும் திட்டு கிடைக்கிறதா? மூன்றும் சரியாக இருந்தால், நிதானமும் பிறரைக் கவனிக்கும் பழக்கமும் வரும். இல்லையென்றால், தன் தேவையைச் சொல்லத் தெரியாத பெண்ணாக வளர்வாள், கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே தொடர்வாள்.

பத்து வயது மகனுக்கும் இதே வேலையைப் பிரித்துக் கொடுங்கள். தங்கைக்குத் தலை வாரிவிட்டதால் எந்தப் பையனும் கெட்டுப்போனதில்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை. ஏதாவது குறை வருமா?

வராது. ஒற்றைப் பிள்ளைகள் பற்றிய 115 ஆய்வுகளைத் தொகுத்து 1986-ல் அமெரிக்காவில் வெளியான கட்டுரை, குணத்திலும் பழகும் திறனிலும் அவர்கள் மற்றவர்களுக்கு இணை என்றும், படிப்பில் ஒரு பிடி மேல் என்றும் காட்டியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள், ஆகவே ஒற்றைப் பிள்ளை இப்போது அதிசயமும் இல்லை. செய்யவேண்டியது ஒன்று: சித்தி, பெரியப்பா, அத்தை பிள்ளைகளோடு கோடை விடுமுறையில் பத்து நாளாவது ஒரே வீட்டில், ஒரே பாயில் விடுங்கள். இரண்டு மணி நேர விருந்தில் பங்கு போடவும் சமாதானமாகவும் கற்றுக்கொள்ள முடியாது.

இரட்டையர்களை ஒரே வகுப்பில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், பிரிக்கவும் செய்யலாம். பிள்ளைகளைக் கேளுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி கேளுங்கள்.

ஒரு பிள்ளைக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. மற்றவளுக்கு என்ன சொல்வது?

பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள்: இது தொற்றாது, யாருடைய தப்பும் இல்லை, அண்ணனுக்கு எது முடியும், எது முடியாது. நாலு வயதில் நாலு வாக்கியம், பத்து வயதில் இன்னும் கொஞ்சம். மறைத்தால் பள்ளிக்கூடத்தில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். "எங்களுக்கப்புறம் நீதான் பாத்துக்கணும்" என்பதைச் சின்ன வயதிலேயே தலையில் ஏற்றாதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, 18 வயதுக்குப் பிறகு சட்டப்படியான பாதுகாவலர் நியமனம் ஆகியவற்றை நீங்களே முடித்துவைத்தால், அவளுக்கு அண்ணன் அண்ணனாகவே மிஞ்சுவான்.

கல்யாணமான பிறகும் சீர், தாய்மாமன் முறை என்று போகிறதே. அது உறவைக் காப்பாற்றுகிறதா, சுமையா?

இரண்டும்தான். நம் பக்கத்தில் அக்கா தங்கை உறவு கல்யாணத்தோடு முடிவதில்லை. பொங்கல் சீர், கார்த்திகைச் சீர், குழந்தைக்குக் காது குத்தும்போது மாமன் மடி, தையில் உடன்பிறந்தார் நலத்துக்கு வைக்கும் கணுப்பிடி என்று ஆண்டு முழுக்க ஒரு நூல் ஓடுகிறது. இது பழைய நூலும்கூட. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கொடைகளை வரிசைப்படுத்தும்போது "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று சொல்கிறான். தனக்கு அடுத்தபடி அக்கா குந்தவை, மனைவியர் அவளுக்குப் பின்.

உறவாக நிற்கும் வரை சிக்கலில்லை. சீரைச் சொத்துக்கு ஈடாக்கும்போது கெடுகிறது. "வருஷா வருஷம் செய்றோமே, அதுக்கு மேல என்ன பங்கு?" என்று அண்ணன் வீட்டில் ஒரு கணக்கு ஓடும். "கேட்டால் பிறந்த வீடு போயிடும்" என்று தங்கை மனத்தில் ஒரு பயம் ஓடும். விளைவு, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் தங்கையின் கையெழுத்து. பத்து ஆண்டு கழித்து மனைக்கு விலை ஏறியதும் சீரும் நின்றுபோகிறது, பேச்சும் நின்றுபோகிறது.

கையெழுத்துக்கு முன் தங்கை தெரிந்துகொள்ள வேண்டியவை: பத்திரத்தில் பணம் பெற்றதாக எழுதியிருந்தால் அந்தத் தொகை உண்மையில் கைக்கு வந்திருக்கவேண்டும், வங்கி வழியாக வந்தால் நல்லது. பதிவான பத்திரத்தைப் பிறகு நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. ஏமாற்றப்பட்டதாக வழக்குப் போட, அது தெரியவந்ததிலிருந்து மூன்று ஆண்டுதான் காலம். மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. அதற்கும் ஒரு வாரம் வீட்டில் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்திடலாம், பதிவு அலுவலக வாசலில் வைத்து வேண்டாம்.

மகளுக்குப் பங்கு உண்டா, இல்லையா?

இந்துக் குடும்பங்களில் உண்டு. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அப்போது கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம், கல்யாணமானவர்களுக்கும் சேர்த்துக் கொடுத்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-ல் தீர்த்துச் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவுசெய்த பாகப்பிரிவினைகளை இது கலைக்காது. "அப்பவே வாய்மொழியா பிரிச்சாச்சு" என்பது மிக அரிதாகவே எடுபடும்.

தந்தை தானே சம்பாதித்த சொத்து என்றால் அவர் உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் இருந்தால் தாய், எல்லோருக்கும் சம பங்கு. நாகூர், கூத்தாநல்லூர் முஸ்லிம் குடும்பங்களுக்கும், வேளாங்கண்ணிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் வாரிசு விதிகள் தனி.

நிலத்தைச் சண்டையில்லாமல் பாகம் பிரிப்பது எப்படி?

பெற்றோர் கண் முன்னே பிரித்துவிடுவது நல்லது. கருமாதி முடிந்த வாரம் இதற்கு உகந்த வாரம் இல்லை. எல்லோரும் களைப்பிலும் துக்கத்திலும் இருப்பார்கள், யார் எவ்வளவு செலவழித்தது என்ற கணக்கு வேறு சூடாக இருக்கும்.

முதலில் அளவில் ஏமாறாதீர்கள். ஒரு வேலி (20 மா, சுமார் 6.6 ஏக்கர்) நிலத்தை நாலு பேருக்கு ஆளுக்கு 5 மா என்று கோடு போட்டால் சமம் போலத் தெரியும். ஆனால் தலைமடை 5 மாவும் கடைமடை 5 மாவும் ஒன்றாகுமா? தண்ணீர் கடைசியில் வருவது, மழை வெள்ளம் வடியாமல் நிற்பது, உப்பு ஏறுவது, ரோட்டோரமாக இருப்பது எல்லாம் விலையை மாற்றும். ஆகவே பரப்பை விட்டு மதிப்பைப் பிரியுங்கள். கடைமடை எடுப்பவருக்குக் கூடுதல் குழியோ, ரொக்கமோ கிடைக்கட்டும்.

இரண்டு பேர் என்றால் பழைய முறையே சிறந்தது: ஒருவர் பிரிக்கவேண்டும், மற்றவர் முதலில் எடுக்கவேண்டும். பிரிப்பவர் அண்ணனாக இருக்கட்டும். மூன்று பேருக்கு மேல் என்றால் மதிப்பைச் சமமாக்கிய பின் சீட்டுக் குலுக்குங்கள்.

பத்திரத்தில் விட்டுப்போகும் சில்லறைகள்தான் பின்னால் வெட்டுக்குத்து வரை போகும். போர்வெல்லும் இலவச மின் இணைப்பும் ஒருவர் பெயரில்தான் இருக்கும்: ஆளுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர், மோட்டார் எரிந்தால் காயில் கட்டும் செலவு எப்படிப் பங்கு என்று எழுதுங்கள். அறுவடை எந்திரம் நுழைய வண்டிப்பாதை எவ்வளவு அகலம், யார் வயல் வழியாக வாய்க்கால், களம் யாருக்கு, வரப்புத் தென்னை யாருக்கு, குலதெய்வம் கோயில் செலவு எப்படி என்பவற்றையும் எழுதுங்கள். பிறகு பதிவு, அதன் பிறகு உட்பிரிவு செய்து தனிப்பட்டா. பலர் பதிவோடு நிறுத்திவிடுகிறார்கள். கூட்டுப்பட்டாவாகவே கிடந்தால் பயிர்க்கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் ஒவ்வொரு போகத்துக்கும் மற்றவரிடம் போய் நிற்கவேண்டி வரும், பேசாத அண்ணன் தம்பிக்கு அது ஆண்டுக்கு இரண்டு முறை புண்ணைக் கிளறுவதற்குச் சமம்.

அண்ணன் சிங்கப்பூரில், நான் ஊரில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். பணம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார். என்ன செய்ய?

மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இது வீட்டுக்கு வீடு உண்டு. இருவருக்கும் தங்கள் பங்கு மட்டும் தெரிகிறது. இரவு மூன்று மணிக்கு எழுந்து படுக்கையை மாற்றுவது அவருக்குத் தெரியாது, கூடுதல் வேலைநேரம் பார்த்துச் சேர்த்த பணம் உங்களுக்குத் தெரியாது. ஒரு மாதம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மருந்து, டாக்டர், ஆட்டோ, பார்த்துக்கொள்ளும் மணி நேரம். அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, கோபத்தோடு இல்லாமல் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள், "ஆண்டுக்கு ஒருமுறை 20 நாள் நீங்க வந்து இருங்கண்ணே, நான் வெளியே போய்ட்டு வரேன்" என்பது போல. "நீங்க எதுவுமே செய்யல" என்று தொடங்கினால் ரசீதுகள் வெளியே வரும்.

சட்டமும் இருக்கிறது. 2007-ம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம், மகன் மகள் இருவரிடமும். பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் செல்லாததாக்கவும் வழியுண்டு. அதனால் தானசெட்டில்மெண்ட் எழுதும்போது அந்த நிபந்தனை வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் இவ்வளவு முக்கியமா? ஒத்துவராவிட்டால் ஒதுங்கிப் போனால் என்ன?

ஒதுங்குவது சில வீடுகளில் சரியான முடிவுதான், அடியும் மிரட்டலும் இருந்தால் நிச்சயமாக. ஆனால் விலை உண்டு. ஹார்வர்டில் 1930-களின் இறுதியில் மாணவர்களாக இருந்த ஆண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், 20 வயதுக்கு முன் உடன்பிறந்தோருடன் உறவு சரியில்லாதவர்கள் 50 வயதுக்குள் கடும் மனச்சோர்வுக்கு ஆளாவது கூடுதலாக இருந்தது என்று 2007-ல் வெளியிட்டார்கள். பெற்றோர் வளர்த்த விதத்தைத் தனியே கணக்கிட்ட பிறகும் அது மாறவில்லை. அவர்கள் அமெரிக்க ஆண்கள், வசதியானவர்கள் என்பதை மறக்கவேண்டாம்.

பேசி எட்டு ஆண்டாகிறது. மறுபடி தொடங்க வழி?

பஞ்சாயத்து வைத்துத் தொடங்காதீர்கள். நாலு பேர் முன்னால் யாரும் இறங்கிவர மாட்டார்கள். காரியமோ கல்யாணமோ வந்தால் நேரில் போய் நில்லுங்கள், பத்து நிமிடம் போதும், பழைய பேச்சு வேண்டாம். பிள்ளைகளை ஒருவருக்கொருவர் போக்குவரத்தாக விடுங்கள், அவர்களிடம் உங்கள் தரப்பைச் சொல்லி அனுப்பாமல். இரண்டு மூன்று முறை இப்படிப் போன பிறகே விஷயத்தை எடுங்கள், அதுவும் ஒன்றை மட்டும். சொத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால் அதை வக்கீல்களுக்கு விட்டுவிடுங்கள், அல்லது மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வையுங்கள். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

அவர் ஆறு மாதம் பதில் சொல்லாவிட்டால்? பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்புங்கள், அதோடு நில்லுங்கள்.

வெளி உதவி எப்போது?

பிள்ளைகளில் ஒருவர் மற்றவரைத் தொடர்ந்து அடித்தால், பாலியல் சீண்டல் சந்தேகம் சிறிதளவு இருந்தாலும், உடனே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். மனச்சோர்வு, தூக்கமின்மை, சாகவேண்டும் என்ற பேச்சு இருந்தால் மனநல உதவி எண் 14416. முதியோர் கைவிடப்பட்டால் முதியோர் உதவி எண் 14567. மூன்றும் கட்டணமில்லை.